கெஃப்தா உடைவது ஏன், முஃப்லேத்தா அடுக்குவது எப்படி

கெஃப்தா என்கிற மொராக்கோ கொத்துக்கறி உருண்டை குழம்பில் விழுந்ததும் உடைகிறது, கடையில் வாங்கிய மொராக்கோ மசாலாவை அள்ளிப் போட்டும் ருசி வரவில்லை, அப்புறம் மொராக்கோ யூதர்கள் மிமூனா போன்ற பண்டிகைகளுக்குச் செய்யும் இனிப்புகளையும் செய்து பார்க்க ஆசை, அது தனிச் சமையலா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பாரிஸ் புறநகரில் பன்னிரண்டு வருடம் குடியிருந்தபோது கீழ்வீட்டில் மொராக்கோவின் மெக்னெஸ் ஊரில் பிறந்த ஒரு யூதப் பாட்டி இருந்தார், அலுவலகத்தில் பக்கத்து மேசையில் ஃபெஸ் நகரத்து முஸ்லிம் நண்பர் ஒருவர். இரண்டு வீட்டு அடுப்படியிலும் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்வதானால், மசாலா ஒன்றுதான், கைப்பக்குவம் ஒன்றுதான். எதை எதோடு சேர்க்கலாம், எப்போது அடுப்பு மூட்டலாம், எப்போது வீட்டில் மாவு இருக்கலாம் என்ற சட்டங்கள் மட்டும் வேறு. அந்தச் சட்டங்களால்தான் பல பண்டங்களே பிறந்திருக்கின்றன.

முதலில் அந்த மசாலாப் பொட்டலத்தை ஓரமாக வையுங்கள். அதன் பெயரான ராஸ் எல் ஹானூத் என்றால் அரபியில் ‘கடையின் தலை’. கடைக்காரர் தன்னிடம் இருக்கும் உயர்ந்த சரக்கையெல்லாம் சேர்த்துத் தன் கணக்கில் அரைத்துக் கொடுப்பது. ஏலம், ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு, காய்ந்த ரோஜா மொட்டு என்று கடைக்குக் கடை மாறும். பக்ரீத் சமயத்தில் ஆட்டுக்கறியோடு உலர்திராட்சை, பாதாம், தேன் சேர்த்துச் செய்யும் ம்ரூசியாவுக்கு அது வேண்டும். அன்றாடச் சமையலுக்கு அது தேவையே இல்லை. ஃபெஸ் நண்பரின் மனைவி வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஆறு டப்பாதான் இருக்கும்: சீரகத்தூள், பாப்ரிக்கா, சுக்குத்தூள், மஞ்சள்தூள், மிளகுத்தூள், பட்டைத்தூள். ராஸ் எல் ஹானூத் மேல்தட்டில் எங்கோ கிடக்கும். பாப்ரிக்கா என்பது காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள், நிறத்துக்கும் லேசான இனிப்புக்கும் போடுவது. அது கிடைக்கவில்லை என்று நம் மிளகாய்த்தூளை அதே அளவு போட்டுவிடாதீர்கள். காஷ்மீரி மிளகாய்த்தூள் கொஞ்சமாகப் போட்டால் ஓரளவு சரிவரும்.

இனி கெஃப்தா. பாரசீகத்தில் இடிப்பது, நசுக்குவது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். நாம் கோஃப்தா என்று சொல்வதும் அதே சொல்தான். பெயரிலேயே வேலை இருக்கிறது: கறியை நன்றாகப் பிசைய வேண்டும். உங்கள் உருண்டை சரிவராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம், நானும் இரண்டையும் செய்தவன்தான். ஒன்று, வெங்காயத்து நீர். வெங்காயத்தை நறுக்கக்கூடாது, துருவ வேண்டும். துருவியதை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழிந்து சாற்றை எடுத்துவிட வேண்டும். முதல் தடவை நான் பிழியாமல் போட்டேன். பிசையும்போது ஒன்றும் தெரியவில்லை, உருட்டி வைத்த கால் மணி நேரத்தில் தட்டெல்லாம் தண்ணீர், சட்டியில் போட்டதும் உருண்டைகள் பிளந்து குழம்பு கீமா மாதிரி ஆகிவிட்டது. வந்த விருந்தாளிகளிடம் இதுதான் மொராக்கோ கீமா என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டாவது காரணம், கொழுப்பே இல்லாத கறி. கசாப்புக் கடையில் கொழுப்பை நீக்கிக் கொடுங்கள் என்று கேட்பது நமக்குப் பழக்கம், ஆனால் கெஃப்தாவுக்கு ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு இருந்தால்தான் உருண்டை மிருதுவாக இருக்கும், இல்லாவிட்டால் ரப்பர்தான்.

அரைக் கிலோ கொத்துக்கறிக்கு (ஆடு, மாடு, இரண்டும் கலந்தது, எதுவானாலும்) நடுத்தர வெங்காயம் ஒன்று துருவிப் பிழிந்தது, கொத்தமல்லித்தழையும் பார்ஸ்லியும் பொடிப்பொடியாக நறுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, பாப்ரிக்கா ஒரு மேசைக்கரண்டி, சீரகத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு தேக்கரண்டி. பார்ஸ்லி கிடைக்காவிட்டால் மல்லித்தழை மட்டுமே போதும், புதினாவை அள்ளிப் போட வேண்டாம். முட்டை கிடையாது, ரொட்டித்தூள் கிடையாது. சப்பாத்தி மாவு பிசைவதுபோல மூன்று நான்கு நிமிடம் அழுத்திப் பிசையுங்கள், கறி விரலில் ஒட்டி இழுக்க ஆரம்பிக்கும், அதுதான் பதம். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு நெல்லிக்காய் அளவில் உருட்டுங்கள். பெரிதாக உருட்டினால் வெளியே வெந்து உள்ளே சிவப்பாக நிற்கும்.

குழம்புக்கு ஒரு கிலோ பழுத்த தக்காளி. தக்காளியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியில் வைத்துத் தேய்த்தால் சதையெல்லாம் கீழே விழுந்து தோல் மட்டும் கையில் மிஞ்சும். வெந்நீரில் போட்டுத் தோல் உரிக்கும் வேலை மிச்சம். இந்த ஒரு விஷயத்துக்காகவே மொராக்கோப் பெண்களுக்குக் கோயில் கட்டலாம். அகலமான சட்டியில் ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றி, நசுக்கிய பூண்டு நான்கு பல், தக்காளி, உப்பு, சீரகத்தூள், கடைசியாகப் பாப்ரிக்கா. பாப்ரிக்காவை வெறும் சூடான எண்ணெயில் போட்டால் நொடியில் கருகிக் கசந்துவிடும், தக்காளி விழுந்த பிறகு போடுங்கள். சிறு தீயில் இருபது இருபத்தைந்து நிமிடம், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை. உருண்டைகளைத் தனியாகப் பொரிக்கத் தேவையில்லை, பச்சையாகவே இறக்கி, மூடி, பத்து நிமிடம். கரண்டி போட்டுக் கிண்டாமல் சட்டியைப் பிடித்து லேசாகக் குலுக்குங்கள். பிறகு உருண்டைகளுக்கு நடுவே குழி செய்து நான்கைந்து முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிட்டால், மஞ்சள்கரு தளதளவென்று இருக்கும்போதே இறக்கிவிடலாம். சட்டியோடு மேசைக்கு வரும், எல்லோரும் தங்களுக்கு எதிரே இருக்கும் பங்கை ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுவார்கள். கூம்பு மூடி போட்ட தாஜின் சட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மண்சட்டியே போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள், புது மண்சட்டியை நேரடித் தீயில் வைத்தால் விரிசல் விடும், ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, அடியில் இரும்புத் தகடு வைத்துச் சூடாக்குங்கள்.

இதே உருண்டை கீழ்வீட்டுப் பாட்டியிடம் போனால் ‘புலெத்’ ஆகிவிடும், பிரெஞ்சுச் சொல்தான். அவர் ஊறவைத்துப் பிழிந்த ரொட்டியும் ஒரு முட்டையும் சேர்ப்பார். உப்பைப் பாதியாகக் குறைப்பார், ஏனென்றால் யூதர்களின் உணவுச் சட்டமான கோஷர் முறைப்படி இரத்தம் போவதற்காகக் கறியை உப்பு தடவி வைத்துக் கழுவித்தான் எடுக்கிறார்கள், உப்பு கொஞ்சம் ஏற்கெனவே ஏறியிருக்கும். புளித்த மாவு ஆகாத பெசாக் பண்டிகையின்போது ரொட்டிக்குப் பதில் மட்ஸா என்ற புளிக்காத ரொட்டியின் தூள். குழம்பு தக்காளியாக இருக்கும், அல்லது மஞ்சள் போட்ட பச்சைப் பட்டாணிக் குழம்பு, அல்லது செலரித் தண்டு. எனக்குச் செலரிதான் பிடிக்கும். முதலில் தண்டுகளை எண்ணெயில் வதக்கி, மஞ்சளும் கடைசியில் எலுமிச்சைச் சாறும் விட்டுச் செய்வார், சோறு இருந்தால் ஒரு படி உள்ளே போகும்.

முக்கியமான வித்தியாசம் கொழுப்பில்தான். கறியோடு பாலோ வெண்ணெயோ சேரக்கூடாது என்பது யூதச் சட்டம். முஸ்லிம் வீடுகளில் வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் (கோதுமை ரவையைச் சிறு மணிகளாகத் திரட்டியது) ஆவியில் வெந்து வந்ததும் வெண்ணெய் அல்லது ஸ்மென் போட்டுக் கையால் உதிர்ப்பார்கள். ஸ்மென் என்பது உப்புப் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்த வெண்ணெய், வாசனை முதல் தடவை முகத்தில் அறையும். குடிக்க லெபென் என்ற மோர். கறி கூஸ்கூஸுக்கு யூத வீட்டில் இது இரண்டுமே ஆகாது, எண்ணெய்தான். ருசியில் அந்தக் குறை தெரியாமலிருக்கப் பாட்டி என்ன செய்வார் என்றால், ஒரு கிலோ வெங்காயத்தை எண்ணெயில் ஒரு மணி நேரம் வதக்கி, உலர்திராட்சை, கொடிமுந்திரி (உலர்ந்த பிளம்ஸ்), பட்டை, சர்க்கரை சேர்த்துக் கருந்தேன் நிறம் வரும்வரை கொண்டுபோய் மேலே கொட்டுவார். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவில் ஏழு காய்கறி கூஸ்கூஸ் மேல் இது கட்டாயம். ஆண்டு இனிப்பாகத் தொடங்க வேண்டுமே.

அடுத்தது தீ. யூதர்களின் ஓய்வுநாள் சப்பாத், அதாவது வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை அடுப்பு பற்றவைக்கக் கூடாது, ஆனால் சனி மதியம் சூடான சாப்பாடு வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் தஃபினா, மூடியது, புதைத்தது என்று பொருள். சூடானது என்ற பொருளில் ஸ்கீனா என்றும் சொல்வார்கள். அடியில் ஊறிய கொண்டைக்கடலை, அதன் மேல் தோல் சீவிய முழு உருளைக்கிழங்கு, எலும்போடு மாட்டுக்கறி, துணிப்பையில் கட்டிய கோதுமையும் முழுப் பூண்டும், ஓட்டோடு முட்டை, நிறத்துக்கு இரண்டு பேரீச்சம்பழம். மெல்லா என்கிற யூதக் குடியிருப்பில் வெள்ளி மாலை ஒவ்வொரு வீட்டுச் சட்டியும் தெருவிலிருக்கும் பொது அடுப்புக்குப் போகும், இரவெல்லாம் தணலில் இருந்து சனி மதியம் வீட்டுக்கு வரும். (முதல் மெல்லா 1438இல் ஃபெஸ் நகரில் வந்தது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் வந்து சேர்ந்தபோது பாதாம் இனிப்புகளும் அவர்களோடு பெருகின.) இப்போது மின்சார அடுப்பில் 100, 110 டிகிரியில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். விடிகாலை மூன்று மணிக்கு அந்த வாசனை மாடிப்படி ஏறி என் படுக்கையறைக்கு வரும். முட்டையை உரித்தால் வெள்ளைக்கரு பால் காபி நிறத்தில் இருக்கும், ருசியும் வேகவைத்த முட்டை போல இருக்காது, வறுத்த கடலை போல ஒரு மணம்.

சரி, இனிப்புக்கு வருகிறேன். இங்கேதான் மாவுச் சட்டம். பெசாக் நாட்களில், இஸ்ரேலில் ஏழு நாள், வெளியில் எட்டு நாள், புளித்த மாவுப்பண்டம் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. அதனால் அந்த வார இனிப்பெல்லாம் பாதாம், வால்நட், பேரீச்சை, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை. பேரீச்சம்பழத்தையும் வால்நட்டையும் கொஞ்சம் பட்டைத்தூளும் இனிப்பு ஒயினும் சேர்த்து அரைத்துச் சின்ன உருண்டையாகப் பிடித்தால் அது ஹரோசெத், முன்னோர்கள் எகிப்தில் அடிமைகளாகக் குழைத்த களிமண்ணின் நினைவாக முதல் இரவுச் சடங்கில் வைப்பது. சபான் என்பது வெள்ளைக்கருவைச் சர்க்கரைப் பாகோடு அடித்து அடித்து வெள்ளை நுகா மிட்டாய் பதத்துக்குக் கொண்டுவந்து வால்நட் கலப்பது, கை ஒடிந்துவிடும், மிக்சர் வைத்துச் செய்யுங்கள். உங்களுக்கு நான் முதலில் சொல்வது பாதாம் பிஸ்கட்தான், தோற்கவே வழியில்லை: தோல் நீக்கிய பாதாம் பொடி 250 கிராம், சர்க்கரை 130 கிராம், ஒரு முட்டை, ஒரு எலுமிச்சையின் தோல் துருவல், இரண்டு துளி ஆரஞ்சுப் பூ நீர். பிசைந்து, எலுமிச்சையில் பாதி அளவுக்கு உருட்டி, பொடித்த சர்க்கரையில் புரட்டி, 180 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம். மேலே வெடிப்பு விட்டு அடியில் லேசாகப் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். வெளியே எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று திரும்ப உள்ளே வைக்காதீர்கள், ஆறினால் தானாக இறுகும். ஆரஞ்சுப் பூ நீர் இரண்டு துளி என்றால் இரண்டு துளிதான், கூடினால் சோப்பு வாசனை வந்துவிடும்.

குட்டிக் கத்தரிக்காயை முழுதாகக் குத்தி வேகவைத்து, சர்க்கரைப் பாகில் இஞ்சி, கிராம்பு, பட்டையோடு மணிக்கணக்கில் சுண்டவைத்துக் கருப்பு முத்து மாதிரி ஒரு ஜாம் செய்வார்கள். கேட்டால் முகம் சுளிப்பீர்கள், நானும் சுளித்தேன், இப்போது பாட்டில் பாட்டிலாகச் செய்து வைக்கிறேன்.

ஹனுக்காவில் ஸ்ஃபெஞ்ச். ஸ்பாஞ்ச் என்ற பொருளுள்ள அரபிச் சொல். மொராக்கோத் தெருக்களில் காலையில் ஸ்ஃபெஞ்ச் கடைக்காரர் சுடச்சுடப் பொரித்து ஓலைக் கீற்றில் கோத்துக் கொடுப்பார், மதம் பாராமல் எல்லோரும் தின்பது. யூதர்களுக்கு எண்ணெய்ப் பண்டிகையான ஹனுக்காவுக்கு அப்படியே பொருந்திவிட்டது. பாலும் இல்லை, வெண்ணெயும் இல்லை, ஆகவே கறிச் சாப்பாட்டுக்குப் பிறகும் சாப்பிடலாம். அரைக் கிலோ மைதா, ஒரு தேக்கரண்டி உப்பு, 7 கிராம் ஈஸ்ட், ஏறத்தாழ 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். மாவு ஒழுகுவதுபோல இருக்கும், பயந்து மாவைக் கூட்டாதீர்கள், எல்லோரும் தவறுவது அங்கேதான். கிண்ணத்திலேயே பத்து நிமிடம் அள்ளி அடித்து, இரண்டு மணி நேரம் மூடி வைத்து, கையை நன்றாக நனைத்து ஒரு பிடி கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் ஓட்டை போட்டு இழுத்து எண்ணெயில் விடுங்கள். வடை தட்டத் தெரிந்த கைக்கு இது பத்து நிமிடப் பழக்கம். மேலே சர்க்கரை அல்லது தேன்.

வடக்கு மொராக்கோவில் தாஞ்சியர், தெத்துவான் பக்கத்து யூதர்கள், ஹகேத்தியா என்ற ஸ்பானிய மொழி பேசியவர்கள், ரிப்பன் போல மாவை நீளமாகத் தேய்த்து எண்ணெயில் ஒரு முனையை விட்டு முள்கரண்டியில் சுற்றிக்கொண்டே பொரித்துப் பாகில் தோய்ப்பார்கள். ஃபிஹுவேலாஸ் என்று பெயர். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மாவைப் பிடிக்க, ஒருவர் சுற்ற. தனியாக முயன்று விரலைச் சுட்டுக்கொண்டேன், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

கடைசியாக, நீங்கள் பெயர் சொல்லிக் கேட்ட மிமூனா. பெசாக் முடிந்த இரவு, வீட்டில் ஒரு பிடி மாவுகூட இருக்காது. மொராக்கோவில் இருந்தவரை அக்கம்பக்கத்து முஸ்லிம்கள் மாவு, வெண்ணெய், பால், தேன், பச்சைக் கோதுமைக் கதிர் எல்லாம் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பாட்டி சிறுமியாக இருந்தபோது எதிர்வீட்டுக்காரர் வருவதற்காக ஜன்னலிலேயே நிற்பாராம், முதல் பிடி மாவு கையில் பட்டால்தான் பண்டிகை முடிந்தது என்று அர்த்தம். மேசையில் கறி இருக்காது, வெண்ணெயும் மோரும் இனிப்பும்தான். ஒரு கிண்ணத்து மாவில் பச்சை மொச்சைக் காயும் நாணயங்களும் செருகி வைத்திருக்கும். ‘தெர்பஹு’ என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள், லாபம் பெருகட்டும் என்கிற வாழ்த்து. 1948 வாக்கில் இரண்டரை லட்சம் யூதர்கள் அங்கே இருந்தார்கள், இப்போது சில ஆயிரம்தான், பெரும்பாலோர் இஸ்ரேல், பிரான்ஸ், கனடா போய்விட்டார்கள். மாவு கொண்டுவர எதிர்வீட்டுக்காரர் இல்லாத ஊரில் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய மைதாவை நான்தான் ஒரு வருடம் பாட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலிலேயே நிறுத்தி, கிண்ணத்தில் கொட்டச் சொல்லி, அப்புறம்தான் உள்ளே விட்டார்.

அன்று கற்றதுதான் முஃப்லேத்தா, மெல்லிசாக இழுத்து அடுக்கடுக்காகச் சுடும் ரொட்டி. அரைக் கிலோ மைதா, 300 மில்லி தண்ணீர், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. பல வீடுகளில் ஈஸ்ட் கிடையாது. மாவை மிருதுவாகப் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, எண்ணெய் ஊற்றிய தட்டில் முக்கி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு எண்ணெய் தடவிய மேசையில் விரல் நுனியால் தள்ளித் தள்ளி, அடியிலிருக்கும் மேசை தெரியும் அளவுக்கு இழுக்க வேண்டும். பரோட்டா மாஸ்டர் போல வீச வேண்டாம், கிழிந்தாலும் பரவாயில்லை. வேடிக்கை வேகவைப்பதில் இருக்கிறது. முதல் முஃப்லேத்தாவைத் தோசைக்கல்லில் போட்டு ஒரு பக்கம் வெந்ததும் திருப்புங்கள். வெந்த பக்கத்தின் மேல் இரண்டாவதைப் பச்சையாகப் போட்டு, இரண்டையும் சேர்த்துத் திருப்புங்கள், பச்சை கல்லில் படும். மேலே மூன்றாவது, மறுபடி மொத்தமாகத் திருப்புங்கள். இப்படியே பதினைந்து இருபது வரை போகலாம், அடுக்கு உயர உயர உள்ளே ஆவி தங்கி எல்லாம் துணி மாதிரி மிருதுவாகவே இருக்கும். நான் எட்டாவதில் தோசைத் திருப்பியால் புரட்டப் போய் பாதி அடுக்கு அடுப்பு மேல் சரிந்தது. பாட்டி ஒன்றும் பேசாமல் என்னை நகர்த்திவிட்டு, அடியில் கரண்டி, மேலே வெறும் உள்ளங்கை என்று பிடித்து ஒரே திருப்பு.

தீ நடுத்தரமாக இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம், மேலே பழுப்புப் புள்ளி விழுந்தால் போதும், மொறுமொறுப்பு கூடாது. தேனையும் வெண்ணெயையும் ஒன்றாக உருக்கி அடுப்போரம் வைத்துக்கொள்ளுங்கள், அடுக்கிலிருந்து ஒன்றை உரித்து, தடவி, சுருட்டி, உடனே வாயில் போட வேண்டும். மிஞ்சினால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், ஆனால் மறுநாள் காலை அதைத் தின்கிறவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை, எங்கள் வீட்டில் பூனையைத் தவிர.